குங்குமம் வைத்த இன்சூரன்ஸ் காகிதம்

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. நான் வளர்த்தது நான்கு பிள்ளைகள், மூன்று கார்கள். பிள்ளைகளுக்கு வாய் இருக்கிறது, அவர்கள் கதையை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். கார்களின் கதையை நான்தான் சொல்ல வேண்டும். சித்தூர் வாடகைக் கார் ஸ்டாண்டில் புதிதாக வண்டி போட்டிருக்கிற நீங்கள் ஆறு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து, சங்கத்து மலருக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள். ஆறு பேரில் இரண்டு பெண்கள். ஒருத்தி பேசி முடிக்கிற வரைக்கும் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்துத்தான் சரி என்றேன்.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். மற்றபடி தமிழில் ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வாயில் போட்ட வெற்றிலை தீர்ந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல வெட்கப்பட்டதால்தான் ஒருமுறை என் கார் என் கையை விட்டுப் போகப் பார்த்தது.

என் வீட்டுக்காரர் பலமனேர் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் ஒரு பழைய சீமைக் காரை வாங்கி, பர்மிட் எடுத்து, சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வாடகைக்கு ஓட்டினார். வாங்கிய இரண்டாம் வருடம் காய்ச்சலில் போய்விட்டார். காரை விற்றுவிட்டுப் பிறந்த ஊருக்குப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். நான் விற்கவில்லை. அவருடைய சித்தப்பா மகன் முனுசாமியை ஓட்ட வைத்தேன். வாடகை பேசுவது நான், ஓட்டுவது அவன். ஸ்டாண்டில் எனக்குக் காரம்மா என்று பெயர் வந்தது. கணவர் இருந்தபோதே காரின் பின்பக்கத்துப் புழுதியில் விரலால் என் பெயரை எழுதிக் காட்டியிருந்தார். ராஜம்மாள். ஐந்து எழுத்து. அந்த ஐந்தையும் புழுதியிலேயே எழுதி எழுதிப் பழகினேன். காலையில் ஸ்டாண்டுக்குப் போனால் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு படம் பார்ப்பேன். பக்கத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்புவேன். காரம்மா படித்தவள் என்று ஸ்டாண்டு முழுக்க நம்பியது. நானும் அதைத் திருத்தவில்லை.

இன்சூரன்ஸுக்கு அவர் வருடா வருடம் கட்டினார் என்று நானும் கட்டினேன். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால், போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தக் காலத்தில் கையில் இல்லை என்றால், நாளைக்கு ஸ்டேஷனுக்குக் கொண்டு வா என்று விட்டுவிடுவார்கள். அதனால் காகிதம் வீட்டில்தான் இருக்கும். முழுக்க இங்கிலீஷ். அது காருக்கு ஜாதகம் மாதிரி என்று எனக்கு ஒரு நினைப்பு. சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, வெள்ளிக்கிழமை தவறாமல் மேல் பக்கத்தில் சந்தனம் இட்டுக் குங்குமம் வைப்பேன். கார் நன்றாக ஓடியது. காகிதத்தின் சக்தி என்று நினைத்தேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகாத சமயம் அது. எல்லை விஷயமாக ஒரு மேலதிகாரி திருப்பதியில் தங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயிகள் ஐந்து பேர் மனு கொடுக்க என் காரைப் பேசினார்கள். திருப்பதியில் என் அக்கா வீடு இருந்தது. நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அவர்கள் காரின் பக்கத்தில் நீளமாக ஒரு துணியைக் கட்டினார்கள். 'எங்கள் ஊரைப் பிரிக்காதே' என்றோ என்னவோ பெரிய பெரிய எழுத்து.

முனுசாமி என்னிடம் மெல்லச் சொன்னான். "அண்ணி, துணி படபடன்னு அட்ச்சிக்கினு கீது. மாடு கண்டா மெரளும்."

"கவுறு போட்டு இறுக்கிக் கட்டுடா. அவங்க மனுவே அந்தத் துணிதான். அவுக்கச் சொன்னா எறங்கிப் பூடுவாங்க."

தாமலசெருவு மாங்காய் மண்டிக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம். அங்கே நான் கண் அயர்ந்துவிட்டேன். ஒரு பெரிய சத்தம், பிறகு மாங்காய்கள் உருளும் சத்தம். கண் விழித்தபோது கார் பாலத்துச் சுவரில் மூக்கை வைத்து நின்றது. ஒரு கட்டை வண்டி சாய்ந்து கிடந்தது. மாடுகள் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டன. வண்டிக்காரன் சக்கரத்துக்கு அடியில் ஒரு காலை விட்டுக்கொண்டு, "நா காலு போயிந்தே, காலு போயிந்தே" என்று தெலுங்கில் கதறிக்கொண்டிருந்தான். கங்குலப்பா என்று பெயர். தோப்பிலிருந்து மண்டிக்குக் காய் பாரம் அடிக்கிறவன்.

மண்டியிலிருந்து முப்பது நாற்பது பேர் ஓடி வந்தார்கள். காரில் தமிழ் எழுத்து. அடிபட்டவன் தெலுங்குக்காரன். அந்த நாட்களில் அது போதும். ஒருவன் முனுசாமியின் சட்டையைப் பிடித்துவிட்டான். என்னோடு வந்தவர்களில் வயதான ஒருவர், "மாடுதான் குறுக்க வந்திச்சி" என்று நியாயம் பேச ஆரம்பித்தார்.

"பெரியவரே, வாய மூடிக்கினு அந்தத் துணிய அவுத்துக் குடுங்க. காலக் கட்டணும்" என்றேன்.

அவர் ஒரு கணம் துணியைப் பார்த்தார். பிறகு தானே கிழித்துக் கொடுத்தார். சக்கரத்தைத் தூக்கியதும் நான் கங்குலப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியின் மூங்கில் தப்பை இரண்டை வைத்து அந்தத் துணியால் இறுக்கிக் கட்டினேன். எனக்குத் தெரிந்த தெலுங்கில், "தப்பு மாதே அண்ணா, தப்பு மாதே, ஏடவொத்து" என்றேன். தப்பு எங்களுடையதுதான், அழாதே என்று. கும்பலின் சத்தம் இறங்கியது. முனுசாமியின் சட்டையைப் பிடித்திருந்தவனே கங்குலப்பாவைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினான்.

எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி யாருக்கும் ஞாபகம் வராது. புத்தூர்க் கட்டுதான். மனு கொடுக்க வந்தவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். விளக்கு உடைந்த காரிலேயே புத்தூருக்குப் போனோம். போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுத்தான் போனோம். அதுவும் என் புத்தி இல்லை, முனுசாமியின் புத்தி. ஸ்டேஷனில் எழுதிக்கொண்டவர், "இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கார்டு போட்டுடு" என்றார். புத்தூரில் கட்டுப் போடுகிறவர் கால் துணியில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னாய்யா, எல்லைய இவன் கால்லயே முடிவு பண்ணிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பச்சிலையையும் முட்டை வெள்ளையையும் பூசினார். வலியிலும் கங்குலப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆறு மாதம் வண்டி ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இதுவரைக்கும் நான் செய்தது சரி. நான்காம் நாள் செய்ததுதான் தப்பு.

எங்கள் வழக்கப்படி ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், புது வேட்டி வைத்துக்கொண்டு கங்குலப்பாவின் வீட்டுக்குப் போனேன். ஊர்ப் பெரியவர் பத்துப் பேரோடு உட்கார்ந்திருந்தார். தெலுங்கில் எழுதிய ஒரு தாள் தயாராக இருந்தது. கங்குலப்பா கட்டிலில் படுத்தபடியே கைநாட்டு வைத்தான். மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்கள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "மை வாணாம். எனக்குக் கையெழுத்து வரும். பேனா குடுங்க" என்றேன்.

பெரியவர் மரியாதையாகத் தாளையே என் கையில் கொடுத்தார். "படிச்சிப் பாத்துக்கோங்கம்மா" என்று தெலுங்கில் சொன்னார். நான் வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். ஒரு ஆள் படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கண்ணை வரி வரியாக ஓட்டினேன். இரண்டு இடத்தில் தலையை ஆட்டினேன். பிறகு ஐந்து எழுத்தையும் போட்டேன். 'ள்' போட்டு மேலே புள்ளியும் வைத்தேன். கங்குலப்பாவின் மனைவி மங்கம்மா எட்டிப் பார்த்து, "அப்பா, எவ்வளவு அழகு!" என்றாள். எனக்கு அந்த நாள் முழுக்கப் பெருமை. காலைக் குணப்படுத்தும் வரை பார்த்துக்கொள்வேன் என்றுதான் அதில் எழுதியிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பத்து நாள் கழித்து முனுசாமி மண்டிப் பக்கத்து டீக்கடையிலிருந்து முகம் செத்துப்போய் வந்தான்.

"அண்ணி, ஆடி பொறந்தா நம்ம காரு அவங்க ஊருக்குப் போயிடுமாமே. நீயே எழுதிக் குட்த்தியாம்."

விசாரித்தால் உண்மைதான். கால், வண்டி, ஒரு பாரம் மாங்காய், ஆறு மாதக் கூலி எல்லாம் நான் தருவது. ஆடி முதல் தேதிக்குள் தராவிட்டால் கார் அவர்களுக்கு. அவ்வளவையும் ஒரே மூச்சில் கொடுக்க வேண்டுமானால் காரை விற்றால்தான் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கார் போயிற்று. வீட்டில் நான்கு பிள்ளைகள் சாப்பிடுவது அந்தக் காரிலிருந்துதான்.

ஸ்டாண்டில் எனக்குப் போட்டியாக வண்டி வைத்திருந்த ஒருவன், "காரு போனா இன்னா காரம்மா, கையெழுத்து முத்து முத்தா கீதாமே" என்றான். நான் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினேன்.

ஆனி முடிய ஒரு வாரம் இருக்கும்போது கம்பெனிக்காரர் வந்தார். நாங்கள் போட்ட கார்டைப் பார்த்து மெட்ராஸிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஒல்லியான மனிதர், வெயிலோ நிழலோ குடையை மடக்கவே மாட்டார். பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. குடைக்காரர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பணம் இல்லை என்று மறுக்கக் கம்பெனி அனுப்பிய ஆள் என்று நினைத்து, அவருக்கு மோரை வைத்துவிட்டுத் தள்ளியே நின்றேன்.

காகிதத்தைக் கேட்டார். சாமி படத்துப் பக்கத்திலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"அம்மா, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு போட்ட இடத்துல குங்குமம் இருக்கு."

"வெள்ளிக்கெழம வைக்கறதுங்க."

"எத்தனை வெள்ளிக்கிழமை?"

அந்தத் தேதி விபத்துக்கு முன்னாலேயே முடிந்திருந்தால் கம்பெனிக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் என் தலையில் என்றார். ஆபீஸுக்கு எழுதிக் கேட்டுப் பதில் வருவதற்குள் ஆடி பிறந்துவிடும். முனுசாமி துணியை ஈரமாக்கிக்கொண்டு துடைக்க வந்தான். குடைக்காரர் அவன் கையைத் தட்டிவிட்டார். காகிதத்தைத் திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கத்தை விரல் நுனியால் தடவினார். டைப் அடித்த எழுத்து பின்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும். தடவித் தடவிப் படித்தார்.

"புரட்டாசி வரைக்கும் உயிரோட இருக்கும்மா உங்க காகிதம்" என்றார்.

முனுசாமி ஈரத் துணியால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்து, "யாருக்காவது எழுதிக் கொடுத்தீங்களா?" என்று கேட்டார். வாசலில் ஸ்டாண்டு ஆட்கள் நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தத் தாளைப் பற்றி மூச்சு விடாதே என்று முந்தின நாள்தான் அவர்கள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். முனுசாமி கண்ணைக் காட்டினான். நான் சொல்லிவிட்டேன். ஒன்று விடாமல், தப்பு மாதே என்று சொன்னது, தட்டு கொண்டுபோனது, தாள், ஆடி முதல் தேதி, எல்லாம்.

அவர் பேனாவை மூடிவிட்டார். "இந்தக் காகிதத்துல நாலாவது பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு தெரியுமா? எங்களைக் கேக்காம யாருக்கும் எதையும் ஒத்துக்கவோ வாக்குக் குடுக்கவோ கூடாதுன்னு போட்டிருக்கு. வாரா வாரம் குங்குமம் வச்ச காகிதத்துல." பிறகு நேராகப் பார்த்துக் கேட்டார். "அந்தத் தெலுங்குத் தாளைப் படிச்சுப் பாத்துட்டுத்தானே போட்டீங்க?"

வாசலில் ஸ்டாண்டு ஆட்கள். செய்தித்தாள் வாசிக்கும் காரம்மாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஆமா" என்றேன்.

"அப்படின்னா அது உங்க வார்த்தை. காரைக் குடுக்கறேன்னு சொன்னதுக்குக் கம்பெனி வராது" என்றார். மறுநாள் அவரைத் தாமலசெருவுக்கு அழைத்துப் போனோம். வழி முழுக்க நான் முன்சீட்டில் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனேன். கண் அயரவில்லை.

கங்குலப்பாவின் வீட்டில் அதே பத்துப் பேர், அதே பெரியவர். குடைக்காரருக்குத் தெலுங்கு நன்றாகவே வந்தது. தாளை வாங்கி ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். படித்து முடித்து, "இந்த அம்மாவுக்கு இதை யாராவது படிச்சுச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

பெரியவருக்குக் கோபம். "எதுக்குச் சொல்லணும்? மைப் பெட்டி கொடுத்தோம், வாணாம்னாங்க. பேனா கேட்டாங்க. தாளைக் கையில கொடுத்தோம். முழுக்கப் படிச்சாங்க. ரெண்டு இடத்துல தலைகூட ஆட்டினாங்க. இவ்வளவு அழகாக் கையெழுத்துப் போடறவங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முனுசாமியும் பார்த்தான். அவனுக்கும் தெரியாது. நான் தலையை ஆட்டினால் கார் போகிறது. ஆட்டாவிட்டால், இத்தனை வருடம் நான் விரித்து வைத்த செய்தித்தாள் எல்லாம் போகிறது. எது பெரிது என்று யோசிக்க அதிக நேரம் ஆகியிருக்கக் கூடாது. ஆனால் ஆயிற்று என்பதையும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்றேன். "என் பேரு அஞ்சு எழுத்து. அது ஒண்ணுதான் எழுத வரும். தெலுங்குல ஒரு எழுத்துகூடத் தெரியாது."

பெரியவர்தான் கேட்டார். "அப்புறம் ஏம்மா தலைய ஆட்டின?"

"தலைய ஆட்டறதுக்குப் படிப்பு வேணுமாங்க?"

முதலில் சிரித்தது மங்கம்மா. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கட்டிலில் படுத்திருந்த கங்குலப்பா முழங்கையை ஊன்றி எழுந்து, "நானும்தான் படிக்கல. கட்டை விரலை வைன்னாங்க, வச்சேன். அதுல காரா எழுதியிருக்கு? எனக்குக் காரு எதுக்கு?" என்றான்.

"எருமையக் கட்டவே எடமில்ல" என்றாள் மங்கம்மா. "கால சரி பண்ணிக் கொடுங்க, போதும்."

அதற்குப் பிறகு பெரியவரும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பலமாக எழுதினால்தான் பயந்து கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு எழுதியிருந்தார். தாளை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டார்கள். குடைக்காரர் புதிதாக ஒன்று எழுதினார். பார்த்தவர்களை, பார்த்ததை மட்டும் சொல்லச் சொன்னார். என்னைக் கேட்டபோது, நான் தூங்கிவிட்டேன் என்றேன். துணி கட்டியதையும் முனுசாமி எச்சரித்ததையும் நானே சொன்னேன். எழுதியதைத் தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை படித்துக் காட்டினார். கங்குலப்பா கைநாட்டு வைத்தான். நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கொஞ்சம் கோணிப் போயிற்று.

திரும்பும் வழியில் நான் அவரிடம் கேட்டேன். "துணிய கட்டவுட்டது எங்க தப்புன்னு சொல்லிட்டேனே. இனிமே கம்பெனி குடுக்க மாட்டாங்களா?"

அவர் குடையை முதல் தடவையாக மடக்கினார். "அம்மா, உங்க பக்கம் தப்பு இருந்தாத்தான் எங்களுக்கு வேலையே. தப்பே இல்லன்னா நாங்க எதுக்குக் குடுக்கணும்? ஆனா தப்பு யாருது, எவ்வளவுன்னு நாங்க பாத்துச் சொல்லணும். நீங்க தீர்ப்பு எழுதக் கூடாது."

பிறகு அவர் சொன்னதைத்தான் நான் இத்தனை வருடமாக மனதில் வைத்திருக்கிறேன். "நீங்க எடுத்தது சட்டத்துக்கு வேண்டிய சின்ன இன்சூரன்ஸ். உங்க கார் விளக்கு, மூக்கு, இதுக்கெல்லாம் ஒண்ணும் வராது. அந்த மாட்டு வண்டிக்கும் மாங்காய்க்கும் வராது, அது உங்க பொறுப்பு. வரது அந்த ஆளோட காலுக்கும், கால் போனதால போன கூலிக்கும். நாலாவது பக்கத்தை மீறினதுக்கு உங்க மேல எங்களுக்குக் கோபம் இருக்கலாம். ஆனா அந்தக் கோபத்தை வச்சு அவனுக்கு இல்லன்னு சொல்ல முடியாது. இந்தக் காகிதம் உங்களுக்காக எழுதினது இல்லம்மா. ரோட்டுல விழறவனுக்காக எழுதினது. அவன் பேரு தெரியாததால உங்க பேரைப் போட்டிருக்கு."

நான் அதுவரை என் காரைக் காப்பாற்றச் சொல்லி அந்தக் காகிதத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தேன். அதுவோ, யாரென்றே தெரியாத ஒரு கங்குலப்பாவுக்காக என் சாமி படத்துப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது. கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. மனம் லேசாகி வந்த அழுகைதான்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கால் முறிந்ததற்கு டாக்டர் சீட்டு வேண்டும். "முட்டை வெள்ளைக்கு ரசீது வச்சா என் ஆபீஸ்ல சிரிப்பாங்க" என்றார். சித்தூர் பெரியாஸ்பத்திரி டாக்டர் கட்டைப் பார்த்து, எலும்பைத் தொட்டுப் பார்த்து, முறிந்தது உண்மை, சேர்ந்துகொண்டிருப்பதும் உண்மை என்று எழுதிக் கொடுத்தார். இனி உங்களில் யாருக்காவது அப்படி ஆனால் புத்தூருக்குப் போங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போவதற்கு முன் ஒரு டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

வண்டி செப்பனிடும் வரை கங்குலப்பாவின் காய்களை என் காரிலேயே மண்டிக்கு அடிக்கிறேன் என்று நான் வீரமாகச் சொன்னேன். குடைக்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஆள் ஏத்தற பர்மிட்ல மாங்காய் ஏத்தி மறுபடி எங்கயாவது இடிச்சா, அடுத்த தடவை நான் வர மாட்டேன்" என்றார். தச்சரை வைத்துச் சக்கரம் போட்டுக் கொடுத்தேன். மாடுகள் அன்றைக்கே வீட்டுக்குத் தாமாகவே வந்துவிட்டிருந்தன. விளக்கை மெல்ல மெல்லச் சரி செய்தோம். ஒற்றை விளக்கோடு ஓடியதால் அந்த மழைக்காலம் முழுக்கப் பகல் வாடகை மட்டும்தான்.

ஆடி முதல் தேதி காலையில் ஸ்டாண்டுக்குப் போனேன். கார் அதன் இடத்தில் நின்றது. மூக்கு நசுங்கி இருந்தது, அதனால் என்ன? போட்டி வண்டிக்காரன் செய்தித்தாளை எடுத்து வந்து, "காரம்மா, படிக்கட்டுமா?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். படி என்றேன். அன்றிலிருந்து ஸ்டாண்டில் யாராவது ஒருவர் உரக்கப் படிப்பார்கள். படம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் உலகத்தில் இவ்வளவு நடக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று கடைசியில் முடிவானதையும் அப்படித்தான் கேட்டேன். கார்த்திகைக்குக் கங்குலப்பா பஸ்ஸில் வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வீடு வரைக்கும் நடந்தே வந்தான். வந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து காட்டினான். கொஞ்சம் சாய்ந்து நடந்தான். கம்பெனி கொடுத்ததில் எருமைக்கு ஒரு கொட்டகை போட்டிருப்பதாகச் சொன்னான். "இப்ப காரு குடுத்தா நிறுத்த எடம் கீது" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

பிள்ளைகளே, உங்கள் காகிதம் எந்தத் தேதி வரை என்று இன்றைக்கே பாருங்கள். உங்கள் காருக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறீர்களா, சட்டத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். இடித்துவிட்டால் முதலில் விழுந்தவனைத் தூக்குங்கள், தண்ணீர் கொடுங்கள், அழாதே என்று சொல்லுங்கள். நான் சொன்ன 'தப்பு மாதே' அந்த ரோட்டில் முனுசாமியின் உயிரைக் காத்தது, அதை இன்றைக்கும் திருப்பி வாங்க மாட்டேன். ஆனால் அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு. ஸ்டேஷனுக்கும் கம்பெனிக்கும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். எங்கள் பக்கத்தில் தட்டு வைத்து மன்னிப்புக் கேட்பது வழக்கம். தட்டு கொண்டுபோங்கள், தாளில் கை வைக்காதீர்கள். கம்பெனியிலிருந்து வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பயந்து பாதியை மறைக்காதீர்கள். எல்லாவற்றையும் விட, புரியாததைப் புரியவில்லை என்று சொல்லுங்கள். சாவி சுழற்றுகிற பெண்ணே, இது உனக்குத்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று, உனக்கு ஆகக் கூடாது.

சொல்ல வந்தது முடிந்தது. கீழே என் பெயரை நானே எழுதுவேன், ஐந்து எழுத்தும். இப்போது கை நடுங்குகிறது, இருந்தாலும் புள்ளி வைக்காமல் விட மாட்டேன். பேனாவைப் பேத்தி நீட்டுகிறாள்.

"இருடி கண்ணு. பேனாவக் கீழ வையி. மொதல்லேர்ந்து எனக்குப் படிச்சிக் காட்டு. அதுக்கப்புறம் போடறேன்."